பைலட் பயிற்சி: எங்கே சேர்வது, எதைக் கேட்டுச் சேர்வது?

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோரும் மதுரை வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பிளஸ் டூ-வில் கணக்கும் இயற்பியலும் படிக்கிறேன். ஒரு கல்லூரியில் மூன்று வருட பி.எஸ்சி. ஏவியேஷன் இருக்கிறது, முடித்தால் பைலட் ஆகலாம் என்கிறார்கள். அதில் சேர்வதா, நேராக ஃப்ளையிங் ஸ்கூலுக்குப் போவதா?
– மாணவர், திருமங்கலம்

சம்பளம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டத் தேவையான சி.பி.எல். (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) லைசென்ஸைக் கொடுப்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். எந்தக் கல்லூரியும் அதைக் கொடுக்க முடியாது. டி.ஜி.சி.ஏ. கேட்பவற்றில் பட்டப்படிப்பு இல்லை. 18 வயது, இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பிளஸ் டூ, கிளாஸ் 1 மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், ரேடியோ உரிமம், 200 மணி நேரப் பறப்பு, கடைசியில் பரீட்சகரோடு பறந்து காட்டும் தேர்வு. இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

அந்த 200 மணியையும் எப்படி வேண்டுமானாலும் பறந்து நிரப்பிவிட முடியாது. விமானத்தின் பொறுப்பில் நீங்களே இருந்து ஓட்டியது 100 மணி வேண்டும். அதற்குள் ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி 20 மணி. அதில் ஒன்று குறைந்தது 300 கடல் மைல் (சுமார் 555 கி.மீ.) நீளமானதாகவும், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி நின்றதாகவும் இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 10 மணி, இரவில் ஓட்டியது 5 மணி. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரிக்குப் போனாலும் "இதில் எது உங்கள் கட்டணத்துக்குள் அடங்கும்?" என்று கேளுங்கள். வகுப்பறைப் பாடம் மட்டும் நடத்தும் கல்லூரி என்றால் பதில் "எதுவும் அடங்காது" என்றுதான் வரும். "ஃப்ளையிங் ஸ்கூலோடு டை-அப் இருக்கிறது" என்பார்கள். டை-அப் என்றால் விமானம் இன்னொருவருடையது, அதற்கான பணம் தனி, வரிசையில் முதலிடம் அந்தப் பள்ளியின் சொந்த மாணவர்களுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் வீண் என்று சொல்லவில்லை. பின்னால் மெடிக்கலில் தகுதி இழந்தாலோ, வேலைக்குக் காத்திருக்க நேர்ந்தாலோ கையில் ஒரு டிகிரி இருப்பது நல்லது. ஆனால் அதை அஞ்சல் வழியில் எதில் வேண்டுமானாலும் வாங்கலாம். உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசு நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமியில், விரும்புகிறவர்கள் பறக்கும் பயிற்சியோடு பி.எஸ்சி.யும் சேர்த்துப் படிக்கலாம். அங்கே சேர நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணம் 45 லட்சம் அளவில், தவணைகளாக. பிளஸ் டூ முடிக்கும் மாணவர் முதலில் விண்ணப்பிக்க வேண்டிய இடம் அதுதான் என்பது எங்கள் கருத்து. கிடைக்காவிட்டால் மற்றவற்றைப் பார்க்கலாம்.

இன்னொன்று. ஏர்போர்ட் மேனேஜ்மென்ட், கேபின் க்ரூ, கிரவுண்ட் ஹேண்ட்லிங் டிப்ளமோக்கள் எதுவும் விமானி படிப்பு அல்ல. பி.இ. ஏரோநாட்டிக்கல் விமானத்தை வடிவமைக்கும் படிப்பு. ஏ.எம்.இ. விமானத்தைப் பராமரிக்கும் லைசென்ஸுக்கான படிப்பு. நோட்டீஸில் விமானப் படம் போட்டிருப்பதைப் பார்த்து இவற்றில் சேர்ந்துவிட்டு இரண்டாம் வருடம் விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏஜென்ட் ஒருவர் 18 மாதத்தில் சி.பி.எல்., முடித்ததும் வேலை உறுதி என்கிறார். இந்த வாரத்துக்குள் 5 லட்சம் அட்வான்ஸ் கட்டினால் சீட் உண்டாம். பையன் பிடிவாதமாக இருக்கிறான். என்னென்ன கேட்க வேண்டும்?
– தந்தை, உசிலம்பட்டி

இந்த வாரம் கட்டாதீர்கள். இரண்டு வேலை முடியும் வரை ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்: பையனுக்கு மெடிக்கல் முடிய வேண்டும், நீங்கள் இருவரும் பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

போவதற்கு முன் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் அதோடு முடிந்தது. 2025 முதல் இந்தப் பள்ளிகளுக்கு டி.ஜி.சி.ஏ. தரவரிசையும் வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். ஆனால் தரவரிசை மட்டும் போதாது. கணக்கு ஒன்று போட வேண்டும்.

பள்ளியில் பறக்கும் நிலையில் எத்தனை விமானம், பறந்துகொண்டிருக்கும் மாணவர்கள் எத்தனை பேர்? செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானம் ஒன்று, மழை, காற்று, பராமரிப்பு எல்லாம் போக, மாதம் 70 மணி பறந்தால் அது சுறுசுறுப்பான பள்ளி. ஐந்து விமானம் என்றால் வருடத்துக்கு 4,200 மணி. மாணவர்கள் 60 பேர் இருந்தால் அவர்களுக்கு வேண்டியது 12,000 மணி. ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். அதே ஐந்து விமானத்துக்கு 30 மாணவர் என்றால் ஒன்றரை வருடம். 18 மாதம் என்று ஏஜென்ட் சொல்வது எந்தக் கணக்கில் என்பது இதில் தெரிந்துவிடும்.

"பறக்கும் நிலையில்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹேங்கரில் பத்து விமானம் நிற்கும், அதில் நான்குக்கு எஞ்சின் இருக்காது. இந்த விமானங்களுக்கு 50 மணி, 100 மணிக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. இவற்றில் இருக்கும் லைகாமிங் எஞ்சினுக்கு 2,000 மணி அளவில், முழுதாகப் பிரித்துச் சீராக்கும் ஓவர்ஹால் வரும். மாற்று எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வரும் வரை விமானம் தரையில்தான். நேரில் போகும்போது என்ஜின் மூடி கழற்றியபடி, தூசி படிந்து நிற்பவை எத்தனை என்று நீங்களே எண்ணுங்கள். காலை ஆறரைக்கே போய்விடுங்கள். பறக்கும் பள்ளி என்றால் அந்த நேரத்தில்தான் ரன்வேயில் சத்தம் கேட்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி விமானம் குலுங்க ஆரம்பித்துவிடும், புதிய மாணவர்களைத் தனியாக விட மாட்டார்கள்.

அடுத்து, இரண்டு எஞ்சின் விமானம். ஏர்லைன்ஸ் வேலைக்குப் போக மல்டி எஞ்சின் ரேட்டிங்கும் (லைசென்ஸில் சேர்க்கும் கூடுதல் தகுதி), கருவி வழிப் பறப்புக்கான ஐ.ஆர். ரேட்டிங்கும் வேண்டும். பல பள்ளிகளில் இந்த விமானம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது பழுதானால் ஒற்றை எஞ்சினில் 185 மணி முடித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் தேங்கிவிடுவார்கள். தேங்கினால் நேரம் மட்டும் வீணாவதில்லை. சி.பி.எல்.லுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்தில் குறைந்தது 15 மணி பறந்திருக்க வேண்டும். அது தவறினால் மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டும், பறந்து காட்டிய தேர்வுகளும் காலாவதியாகும். அதனால், கடைசியாக லைசென்ஸ் வாங்கிய மூன்று பேர் சேர்ந்த தேதியும் லைசென்ஸ் கிடைத்த தேதியும் என்ன என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்காமல், ஹாஸ்டலிலும் வாசல் டீக்கடையிலும் மாணவர்களிடம் கேளுங்கள். பையன்கள் மறைக்க மாட்டார்கள்.

இரவுப் பறப்புக்கு ரன்வே விளக்கு வேண்டும். பள்ளியின் தளத்தில் விளக்கு இல்லாவிட்டால் வேறு ஊருக்குக் கூட்டிப்போவார்கள். அந்தச் செலவு யாருடையது?

பருவமும் பாருங்கள். கேரளப் பக்கம் ஜூனிலிருந்து மழை, நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. வட இந்தியாவில் மார்கழி, தை மூடுபனியில் காலைப் பறப்பே நின்றுபோகும். கணவாய்களை ஒட்டிய தளங்களில் ஆடிக்காற்று ரன்வேக்குக் குறுக்காக அடிக்கும். செஸ்னா 172 தாங்கும் என்று கையேடு காட்டும் குறுக்குக் காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.). தனியாகப் பறக்கும் மாணவருக்குப் பள்ளி வைக்கும் வரம்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். எங்கே போனாலும் இரண்டு, மூன்று மாதம் இப்படிப் போகும். போகாது என்கிறவரை நம்ப வேண்டாம்.

பணம் எப்படிக் கட்டுவது? மொத்தமாக வேண்டாம். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்று எழுத்தில் வாங்குங்கள். உதாரணமாக 40 மணி முடிந்தால் அடுத்த தவணை. 200 மணிக்கு மேல் பறக்க நேர்ந்தால் மணிக்கு எவ்வளவு, இடையில் மெடிக்கலில் தகுதி இழந்தால் எவ்வளவு திரும்பும், எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில் என்பவையும் அதே தாளில் வர வேண்டும். மணிக்கணக்கு எஞ்சின் ஓட ஆரம்பித்ததிலிருந்தா, விமானம் நகர்ந்ததிலிருந்தா என்பதைக் கூடக் கேட்டுவிடுங்கள். நிறுத்தத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பத்து நிமிடம் இருநூறு தடவை சேர்ந்தால் 33 மணி.

"வேலை உறுதி" என்பதை எந்தப் பள்ளியும் முத்திரைத்தாளில் எழுதித் தராது, கேட்டுப் பாருங்கள். 2023-ல் மட்டும் நாட்டில் 1,600-க்கு மேல் சி.பி.எல். வழங்கப்பட்டது. லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங்கை இன்னும் 15 லட்சத்துக்குக் குறையாமல் செலவழித்து வாங்க வேண்டியிருக்கும். விமான நிறுவனங்களே ஆளெடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டத்தில் அது சேர்ந்தே வரும், ஆனால் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடும்.

மணி குறைந்தால் "லாக் புக்கில் எழுதிக்கொள்ளலாம்" என்று (பறந்த மணிகளைப் பதியும் புத்தகம் அது) யாராவது சொன்னால் அந்தப் பள்ளிப் பக்கமே போகாதீர்கள். 2011-ல் போலிச் சான்றுகளோடு லைசென்ஸ் வாங்கியவர்கள் சிக்கியதிலிருந்து சரிபார்ப்பு இறுகியிருக்கிறது. சிறைக்குப் போவது லைசென்ஸ் வைத்திருப்பவர்தான்.

மைனஸ் 2.5 பவர் கண்ணாடி போடுகிறேன். பைலட் ஆக முடியாதா? லேசர் செய்துகொண்டு போகட்டுமா?
– பிளஸ் ஒன் மாணவி, அவனியாபுரம்

பயணிகள் விமானத்துக்குக் கண்ணாடி தடை இல்லை. கண்ணாடியோடு பார்வை அளவுக்கு வந்தால் போதும். லேசர் செய்ய அவசரப்பட வேண்டாம். அறுவைக்குப் பிறகு காத்திருப்புக் காலமும் கூடுதல் பரிசோதனைகளும் உண்டு. வயது ஏற ஏற பவர் மாறிக்கொண்டும் இருக்கும்.

கவலைப்பட வேண்டியது நிறப்பார்வை. சிவப்பு, பச்சை பிரித்தறியாத குறை பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆண் பிள்ளைகளுக்கு அதிகம், தாய் வழியாக வரும், சிகிச்சை கிடையாது. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை மதுரையில் எந்தக் கண் மருத்துவமனையிலும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். உங்கள் தம்பிக்கும் பைலட் ஆசை இருந்தால் அவனையும் கூட்டிப்போங்கள்.

வரிசை இதுதான். முதலில் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2. ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, காது கேட்கும் திறன், கண் எல்லாம் பார்ப்பார்கள். அறிக்கை டெல்லிக்குப் போய்க் கோப்பு எண் வந்த பிறகு கிளாஸ் 1. முதல் கிளாஸ் 1-க்குப் பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகம் போன்ற இடங்களில் தேதி வாங்க வேண்டும். தேதி கிடைக்க நாளாகும். "தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதினால் பயப்பட வேண்டாம். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் குறைவு போன்றவற்றைச் சரிசெய்து மறுபடி போகலாம். பெண் பிள்ளைகள் பலர் ஹீமோகுளோபினில்தான் நிற்கிறார்கள். ஆறு மாதம் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ-வில் காமர்ஸ் குரூப். இனி வழியே இல்லையா?
– மாணவர், மேலூர்

உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) பிளஸ் டூ நிலை இயற்பியல், கணிதம் இரண்டை மட்டும் எழுதித் தேர்ச்சி பெறலாம். டி.ஜி.சி.ஏ. ஏற்கிறது. ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருடத்தில் மெடிக்கலையும் முடித்துவிடலாம்.

என் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. பிரச்சினை வருமா?
– மாணவர், சோழவந்தான்

வரும். நம் ஊர் இனிஷியல்தான் காரணம். சான்றிதழில் "எம்.", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் பெயர் முன்னாலும் இனிஷியல் பின்னாலும். டி.ஜி.சி.ஏ.யின் இணையப் பதிவு, மெடிக்கல், தேர்வுக்கான கம்ப்யூட்டர் நம்பர், ரேடியோ உரிமம் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே திருத்துங்கள். கம்ப்யூட்டர் நம்பர் வாங்கும்போது பிளஸ் டூ மதிப்பெண் சான்று உண்மையானதுதான் என்று தேர்வுத் துறையின் சரிபார்ப்புச் சான்றும் கேட்பார்கள். பள்ளியில் எல்லாரும் விடுமுறைக்குப் போவதற்குள் அந்த வேலையைத் தொடங்குங்கள்.

மகளுக்கு 50 லட்சம் வேண்டும். வீடும், ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் இருக்கிறது. பேங்க் லோன் கிடைக்குமா?
– தாய், வாடிப்பட்டி

டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சிக்கு வங்கிகளின் கல்விக்கடன் உண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். இங்கேதான் கிராமத்துக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி நேராக எடுத்து விற்க வழி தருவது சர்ஃபேசி சட்டம்; விவசாய நிலத்தை அதன்படி வங்கி எடுத்து விற்க முடியாது. ஆகவே நஞ்சை நிலத்தை அடமானமாக வாங்க வங்கிகள் தயங்கும். வீட்டையே பார்ப்பார்கள். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம் இவை இருக்க வேண்டும். பாகப்பிரிவினை முடியாத வீடு என்றால் பங்காளிகள் கையெழுத்தும் வேண்டும். பள்ளியைத் தேடுவதற்கு முன்பே வங்கி மேலாளரிடம் பத்திரங்களைக் காட்டி, எவ்வளவு வரும் என்று கேளுங்கள். கடன்தொகை போக 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து போட வேண்டும்.

50 லட்சம், 11 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 56,800 ரூபாய். படிப்புக் காலமும் அதன் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முழுத்தொகையும் எடுத்த பிறகு அது வருடத்துக்கு ஐந்தரை லட்சம். பள்ளியில் ஒரு வருடம் தாமதமானால் அதன் உண்மையான விலை இதுதான். அதனால்தான் விமானங்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். கட்டணத்தில் 4 லட்சம் குறைவாக இருக்கும் பள்ளி ஒரு வருடம் இழுத்தடித்தால் உங்களுக்கு நட்டம்தான்.

மகள் வேலைக்குப் போகாத இரண்டு வருடத்தைக் குடும்பம் தாங்குமா என்று கணக்குப் பாருங்கள். தாங்காது என்றால் வீட்டை வைக்க வேண்டாம் என்றே சொல்வோம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களானால் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் சி.பி.எல். பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. மாவட்ட நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் டிகிரியோடு பறக்கும் பயிற்சியும் தருகிறார்களே, அது எப்படி?
– மாணவர், கே.கே. நகர், மதுரை

பயிற்சி நன்றாக இருக்கும். அரிசோனா, ஃபுளோரிடா போன்ற இடங்களில் வருடத்தில் பறக்கக் கிடைக்கும் நாட்களும் அதிகம். அங்கே கல்லூரிப் பட்டத்தோடு பயில்கிறவருக்கு, ஏர்லைன்ஸில் சேர வேண்டிய 1,500 மணி 1,000 ஆகக் குறையும். ஆனால் அந்தச் சலுகை அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை உள்ளவருக்கே பயன்படும். மாணவர் விசாவில் போகிறவருக்கு, படிப்பு முடிந்து ஒரு வருடம் பயிற்றுநராக வேலை பார்த்து மணி சேர்க்கும் வாய்ப்பு எஃப்-1 என்ற வகை விசாவில் உண்டு. சேரும் கல்லூரி எந்த விசாவுக்கு ஆவணம் கொடுக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்தால் அந்த லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். வான்போக்குவரத்து விதிமுறைத் தாளும், வழிகாட்டலும் வானிலையும் சேர்ந்த காம்போசிட் தாளும் எழுத வேண்டும். ரேடியோ உரிமம், இந்திய கிளாஸ் 1 மெடிக்கல், பறந்து காட்டும் தேர்வும் உண்டு. அங்கே அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் 190 மணியிலேயே கமர்ஷியல் லைசென்ஸ் கிடைத்துவிடும். இங்கே 200 வேண்டும். பத்து மணிக்காக இங்கே வந்து திண்டாடாமல், கிளம்பும் முன்பே முதல் பதிலில் உள்ள பட்டியலோடு லாக் புக்கை ஒப்பிட்டு, குறைந்ததை அங்கேயே பறந்து முடியுங்கள். கிளாஸ் 1 மெடிக்கலை இந்தியாவிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அமெரிக்க மெடிக்கலில் தேறியவர் இங்கே தேறுவார் என்று உத்தரவாதம் இல்லை.

அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். ஆங்கிலம்தான் பயம்.
– பிளஸ் டூ மாணவி, பேரையூர்

இலக்கிய ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை. உலக விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் ஆறு நிலைகளில் நான்காம் நிலை போதும். ரேடியோவில் பேசுவது பெரும்பாலும் வரையறுத்த வாக்கியங்கள், பழகினால் வந்துவிடும். சிரமம் எழுத்துத் தேர்வில்தான். ஏர் நேவிகேஷன், மீட்டியராலஜி (வானிலை; சுருக்கமாக மெட்), ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் தாள்கள் ஆங்கிலத்தில் கொள்குறி வினாக்களாக வரும், 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. இந்த விடுமுறையில் பிளஸ் ஒன் இயற்பியலையும் புவியியலில் வளிமண்டலப் பாடங்களையும் ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை படியுங்கள். பாடம் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொற்கள் தானே ஒட்டிக்கொள்ளும். மெட், ரெகுலேஷன்ஸ், நேவிகேஷன் மூன்றையும் பறக்கப் போகும் முன்பே எழுதி முடித்துவிடுங்கள். பள்ளியில் சேர்ந்து பாதியில் தேர்வுக்காகப் பறப்பதை நிறுத்தினால் கை பழக்கம் போய்விடும், விட்ட இடத்தைப் பிடிக்கவே நான்கைந்து மணி காசு கொடுத்துப் பறக்க வேண்டிவரும்.

பணமே இல்லாமல் விமானி ஆக வழி உண்டா?
– மாணவர், கள்ளிக்குடி

விமானப்படை. பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருந்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை, பெண்களுக்கும் 2021 முதல் வாய்ப்பு உண்டு. பயிற்சிக்கு நீங்கள் காசு கட்ட வேண்டாம். ஆனால் கண், உயர அளவுகள் பயணிகள் விமானத்தைவிடக் கடுமை. விமானிக்கான கணினி வழித் திறன் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதில் தவறினால் பறக்கும் பிரிவுக்கு மறுமுறை கிடையாது. என்ன கேட்பார்கள் என்று தெரியாமல் பார்த்துவிட்டு வரலாம் என்று போய் உட்காராதீர்கள்.